நடுவருக்கு முப்பத்தேழு புள்ளி ஆறு

வெப்பம் 37.6. ஈரம் 58. அசைவு 0.

அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த சின்ன டிஸ்ப்ளேயில் மூன்று வரிகளும் நீல வெளிச்சத்தில் தெளிவாக நின்றன. முதல் வரியைப் பார்த்தபோது கண்ணாடிக்காரரின் புருவம் உயர்ந்தது. மூன்றாவது வரியைப் படித்ததும் கையிலிருந்த காபிக் கோப்பையைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் அப்படியே இறக்கிவிட்டு ஓடினார். கோப்பையில் காபி இருந்ததோ, தொட்டியில் அவர் மனைவியின் கை இருந்ததோ அவருக்கு நினைவில்லை.

நடையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வீட்டின் மறுகோடியில் இருக்கும் அப்பாவின் அறைக்கு அவர் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அசைவு பூஜ்யமான அந்த மனிதர் ஜன்னல் முன்னால் நின்று இரண்டு கைகளையும் காற்றாடி மாதிரிச் சுழற்றிக்கொண்டிருந்தார். காலை உடற்பயிற்சியில் எண்பதாவது சுற்று.

"என்ன, போயிட்டேன்னு நெனச்சியா?" என்றார் அப்பா, சுற்றுவதை நிறுத்தாமல்.

கண்ணாடிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்படித்தான் நினைத்தேன் என்று எந்த மகன் சொல்வான்?

அவருக்குத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. இருபது வருடமாகக் கண் பரிசோதனை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: எனக்கு நல்லாத் தெரியுது, வீட்ல சொன்னாங்கன்னு வந்தேன். அட்டையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னால் இல்லாத எழுத்தையெல்லாம் படிப்பார்கள். எதிரே இருக்கும் மேஜையை நாற்காலி என்று நினைத்து உட்காரப்போன ஒருவர்கூடத் தன் பார்வையில் குறையே இல்லையென்று சாதித்திருக்கிறார். அதனால் கண்ணாடிக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. மனிதன் தன்னைப்பற்றிச் சொல்வதை நம்பக்கூடாது, கருவி சொல்வதைத்தான் நம்பவேண்டும்.

போன மாதம் அந்தக் கொள்கையை வீட்டில் மறந்துபோனார். அப்பா லேசாக இருமினார். என்ன என்று கேட்டதற்கு ஒண்ணுமில்லை என்றார். மூன்று நாள் ஒண்ணுமில்லை. நான்காவது நாள் குளியலறைத் தரையில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார், உடம்பு அனலாய்க் கொதித்தது. நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அப்பா குளியலறையில் உட்கார்ந்துவிட்ட அன்று காலையில்தான் கண்ணாடிக்காரர் கடையில் உட்கார்ந்து முப்பத்தொரு பேருடைய கண்ணைப் பார்த்திருந்தார். சொந்த அப்பாவின் முகத்தை நின்று பார்க்கவில்லை. அது அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு கிடந்தது.

அப்பாவிடம் மாற்றம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் முப்பது வருடம் கால்பந்து நடுவராக இருந்தவர். பத்தாயிரம் பேர் கத்தினாலும் சொன்ன முடிவை மாற்றிக்கொள்ளாதவர். விசிலும் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கும். வீட்டிலேயே எல்லாரும் அவரை நடுவர் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கண்ணாடிக்காரர் மின்னணுச் சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்தார். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இரண்டு, கூடவே சென்சார்கள், டிஸ்ப்ளே, கலர் கலராக ஒயர்கள், ஒரு சிறு புத்தகம். புத்தகத்தில் எட்டாவது பயிற்சி அவருக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ஓரிடத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் அசைவையும் சென்சார்கள் அளக்கும். ஒரு போர்டு அதை ஒயரில்லாமல் அனுப்பும். இன்னோர் இடத்தில் இருக்கும் போர்டு அதை டிஸ்ப்ளேயில் காட்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயின. முதல் டிஸ்ப்ளேக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுத்ததில் அது ஒரு பெருமூச்சு விட்டு, மெல்லிய புகையோடு விடைபெற்றது. இரண்டாவது, எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்களைக் காட்டியது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு, பின்னால் இருக்கும் குட்டித் திருகைக் கால் சுற்று திருப்பினால் எழுத்து தெரியும் என்று கண்டுபிடித்தார். வெப்பச் சென்சாரை ஒரு துணிப்பட்டையில் தைத்துக் கொடுத்தது மனைவி. பட்டை அப்பாவின் மேல்கையில். போர்டும் பேட்டரியும் சட்டைப்பையில், விசிலுக்குப் பக்கத்தில். டிஸ்ப்ளே அடுப்படியில், யாராவது ஒருவர் எப்போதும் இருக்கும் இடத்தில்.

இன்று, நான்காவது ஞாயிறு, முதல்முறையாக அப்பாவின் கையில் கட்டி அவரை அறைக்கு அனுப்பினார்கள். பத்து நிமிடத்தில் அசைவு பூஜ்யம்.

ஒயர் தளர்ந்திருக்கும் என்று கண்ணாடிக்காரர் முடிவுக்கு வந்தார். அப்பாவை அடுப்படிக்கு அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்கும் ஊசி போன்ற திருப்புளியால் ஒவ்வொரு ஒயரையும் அழுத்திவிட்டார். டிஸ்ப்ளே சட்டென்று மாறியது. வெப்பம் 35.4. ஈரம் 51. அப்பா கையை ஆட்டச் சொன்னபடி ஆட்டினார், அசைவு 14.

"பாத்தியா? ஒயர்தான்," என்றார் கண்ணாடிக்காரர் மனைவியிடம். அவர் முகத்தில் அவ்வளவு பெருமிதத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறுகிறவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவள் என்பதால் எதற்கும் எளிதில் பதறமாட்டாள். வெந்துபோன விரலில் தண்ணீரை விட்டுக்கொண்டு, சரி, நல்லது என்றாள்.

அப்பா தன் அறைக்குப் போனார். செய்தித்தாளைப் பிரித்திருப்பார், அதற்குள் டிஸ்ப்ளே மாறியது. வெப்பம் 38.1. அசைவு 0.

இந்தமுறை கண்ணாடிக்காரர் ஓடவில்லை. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அரை மணிக்குள் அரை டிகிரி ஏறியிருக்கிறது. மனைவி போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். மாமா கால்மேல் கால் போட்டு விளையாட்டுப் பக்கம் படிக்கிறார், காலை ஆட்டிக்கொண்டே படிக்கிறார் என்றாள். அலமாரியிலிருந்து பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துப் போய் வாயில் வைத்தும் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி ஏழு. ஒரு குறையும் இல்லை.

"அந்தத் தெர்மாமீட்டர் நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது," என்றார் கண்ணாடிக்காரர்.

"நானுந்தான் அப்ப பாத்த பொண்ணு. இன்னும் வேலை செய்யறேனே," என்றாள் அவள்.

அவர் காதில் விழவில்லை. டிஸ்ப்ளேயைச் சுவரிலிருந்து கழற்றி, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரோடு இழுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்கே போனார். அங்கே காட்டியது: 35.6. அப்பா தாளைத் திருப்பினார், அசைவு 9. திரும்ப அடுப்படிக்குக் கொண்டுவந்து மாட்டினார்: 38.4, அசைவு 0. மறுபடி அறைக்கு: 35.6. மறுபடி அடுப்படிக்கு: 38.5. இப்படி நான்கு நடை நடந்தார். நான்காவது நடையில் ஒயர் தடுக்கிக் கூடத்தில் ஒரு பூந்தொட்டி உடைந்தது.

உடைந்த தொட்டியின் நடுவில் நின்றபடி அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடுப்படிக்கு வந்து மனைவியிடம் ரகசியக் குரலில் சொன்னார்.

"பக்கத்துல ஆள் இருந்தா மறைக்கிறாரு. தனியா விட்டா ஏறுது."

காய்ச்சலை எப்படி மறைக்க முடியும் என்று அவள் கேட்டாள். போன மாதம் மூன்று நாள் மறைத்தாரே என்றார் அவர். அது வாயால் மறைத்தது, உடம்பாலா மறைத்தார் என்று அவள் கேட்டாள். முப்பது வருடம் மைதானத்தில் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நின்ற மனிதர், அவரால் எதுவும் முடியும் என்றார் அவர். அவளுக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. ஏனென்றால் டிஸ்ப்ளே அப்போது 38.7 ஆகியிருந்தது.

அதன்பிறகு வைத்தியம் தொடங்கியது.

முதலில் ஈரத்துணி. நெற்றியில் ஒன்று, கழுத்தில் ஒன்று, பட்டையைச் சுற்றிக் கையில் ஒன்று. மேலே மின்விசிறி முழு வேகத்தில். அப்பா இரண்டு முறை மஞ்சள் அட்டை காட்டினார். எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடிக்காரர் நம்பிக்கையோடு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். 39.1.

குறையவேண்டியது ஏறியிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பெட்டியிலிருந்து ஒரு பஸரை எடுத்து போர்டில் இணைத்தார். முப்பத்தொன்பதைத் தாண்டினால் கத்தவேண்டும் என்று கம்ப்யூட்டரில் இரண்டு வரி சேர்த்தார். அது ஏற்கெனவே தாண்டியிருந்ததால், இணைத்த நொடியிலிருந்து கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மனைவிக்கு அவர் பேசுவது கேட்கவில்லை, அவருக்கு அவள் பேசுவது கேட்கவில்லை. இனி அவள் அடுப்படியில் நின்று டிஸ்ப்ளேயைப் பார்த்து எண்ணைக் கத்திச் சொல்வது, அவர் அறையில் நின்று வைத்தியம் பார்ப்பது என்று கைஜாடையில் ஏற்பாடு ஆனது.

"முப்பத்தொம்பது புள்ளி மூணு" என்று அவள் கத்தினாள்.

அவர் ஏசியைப் போட்டுப் பதினெட்டில் வைத்தார். ஜன்னலையும் கதவையும் மூடினார். அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பல் கிடுகிடுத்தது.

"டேய், குளிருதுடா."

கண்ணாடிக்காரரின் முகம் வெளுத்தது. கடுங்காய்ச்சலில் குளிரும் என்பது யாருக்குத்தான் தெரியாது? அவர் போர்வையை உருவினார். அப்பா சிவப்பு அட்டையைக் காட்டினார். அட்டை பிடித்த கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் மகனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"முப்பத்தொம்பது புள்ளி ஆறு," என்றது அடுப்படி. "ஈரம் எழுபத்திரண்டு."

பதினெட்டு டிகிரி அறையில், போர்வை இல்லாமல், உதடு நீலம் பாரித்துப்போய் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு உள்ளுக்குள் வேர்த்துக் கொட்டுகிறது என்று இதற்கு அர்த்தம். கண்ணாடிக்காரர் தொட்டுப் பார்த்தார். கை ஜில்லென்று, உலர்ந்து இருந்தது. தொட்டதும் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

இனித் தன்னால் ஆகாது என்று அடுத்த தெரு டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் அவர் கடையில் கண்ணாடி போட்டவர், அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நாடி பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தன்னுடைய தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு கூட இல்லை.

"இவருக்குக் காய்ச்சல் இல்லையே. குளிர்ல வெறைச்சிருக்காரு. முதல்ல ஏசிய நிறுத்துங்க," என்றார்.

"முப்பத்தொம்பது புள்ளி ஒம்போது," என்றது அடுப்படி.

டாக்டர் அந்தக் குரல் யாருடையது, எதைப்பற்றியது என்று விசாரித்தார். கண்ணாடிக்காரர் விளக்கினார். டாக்டர் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அறைக்கு வந்து மறுபடி அளந்தார். மறுபடி அடுப்படிக்குப் போனார். டிஸ்ப்ளேயை மட்டும் அறைக்குத் தூக்கிவரச் செய்தார். அது நல்ல பிள்ளையாக 22.8 என்று காட்டியது. அடுப்படிக்குக் கொண்டுபோனதும் நாற்பது. டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டினார். பிறகு கண்ணாடிக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார், தனக்குக் கொடுத்த பவர் சரிதானா என்பதுபோல.

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். உள்ளே தீயும் வெளியே பனியுமாக ஒரு உடம்பு இருந்தால் அது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய உடம்பு. ரத்தத்தில் ஏதாவது பரவியிருக்கலாம். சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நடுவர் அவருக்கும் ஒரு சிவப்பு அட்டை காட்டினார். டாக்டர் அதையும் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். ஒருவர் பருமன், ஒருவர் ஒல்லி. படுக்கமாட்டேன் என்ற அப்பாவைப் பருமனானவர் அலாக்காகத் தூக்கிப் படுக்கவைத்தார், ஒல்லியானவர் பெல்ட்டை மாட்டினார். மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று. அப்பா விசிலை எடுக்கக் கையை நகர்த்தினார். கையும் பெல்ட்டுக்குள் போய்விட்டது. கதவு திறந்திருந்ததால் பஸர் சத்தம் அங்கேயும் வந்து எல்லார் காதையும் குடைந்தது.

கண்ணாடிக்காரர் குனிந்து அப்பாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். குளியலறைத் தரையில் பார்த்த அதே முகம். அன்று சிவந்து கிடந்தது, இன்று வெளிறிக் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். வழக்கமான மிடுக்கு குரலில் இல்லை.

"டேய், போன மாசம் நான் பொய் சொன்னேன். மூணு நாளும் பொய். நீ கடையைப் பூட்டிட்டு உக்காந்துடுவேன்னுதான் சொல்லல. அது என் தப்பு."

கண்ணாடிக்காரர் மூக்கை உறிஞ்சினார். முப்பது வருட நடுவர் வாழ்க்கையில் அவர் மாற்றிச் சொன்ன முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

"ஆனா இன்னிக்கு சத்தியமா ஒண்ணும் இல்லடா. குளிர் மட்டும்தான். என்னை நம்பு."

மகனின் நெஞ்சு அப்படியே இளகிப்போனது. நம்பவேண்டும் என்று தோன்றியது. இருபது வருடத்தில் முதல்முறையாகக் கருவியைவிட ஒரு மனிதனின் வார்த்தை பெரிதாகத் தெரிந்தது. பெல்ட்டை அவிழ்க்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

"ஐயோ, அசைவு," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

காலையிலிருந்து பதறாமல் எண் சொல்லிக்கொண்டிருந்த குரல் அது. இப்போது உடைந்திருந்தது.

"நாப்பது புள்ளி ஒண்ணு. ஈரம் எண்பத்தொண்ணு. அசைவு பதினேழு. இல்ல, முப்பத்தொண்ணு. வலிப்பு வந்திருக்கு, அவரைப் பிடிங்க."

நால்வரும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்கள். மூன்று பெல்ட்டுக்குள் அப்பா பலகை மாதிரி அசையாமல் கிடந்தார். கண் இமை மட்டும் மூடித் திறந்தது.

"அசைவு நாப்பத்து நாலு," என்றாள் அவள். "அம்பத்தெட்டு."

பருமனானவர் அப்பாவின் காலை மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை. ஒல்லியானவர் இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரோடு சுவராக நின்றார். டாக்டரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவர் படித்த எந்தப் பாடத்திலும், நோயாளி அசையாமல் இருக்கும்போது அவருடைய வலிப்பு மட்டும் தனியாக அடுப்படியில் நடப்பதாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்காரருக்கோ ஒரே கேள்விதான். அசைவது அப்பா இல்லையென்றால், அப்பாவுக்குள் இருக்கும் எது?



அப்போது அழைப்பு மணி அடித்தது.

மனைவிதான் போய்க் கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இரண்டு மாதத்துக்கு முன்னால் குடிவந்தவள்; படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. இப்போது தலை கலைந்து, முகமெல்லாம் வேர்த்து, ஓடிவந்தவள்போல் மூச்சிரைத்தாள். ஒரு கையில் துண்டால் சுற்றிய ஏதோ ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"காலையிலேருந்து இந்த வீட்ல யாரோ நம்பர் கத்திட்டிருந்தீங்களே, அது நீங்களா?" என்று கேட்டாள்.

சத்தத்துக்குச் சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து மனைவி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். டீச்சர் அதைக் கேட்கவில்லை. கடைசியா எத்தனை டிகிரின்னு கத்தினீங்க என்றாள். நாற்பது புள்ளி ஒன்று என்று மனைவி சொன்னாள். டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். அதே நம்பரைத்தான் இப்ப என் தெர்மாமீட்டரும் காட்டுது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அனுமதி கேட்காமல் உள்ளே நுழைந்து, பஸர் கத்திய திசையில் நேராக அடுப்படிக்குப் போனாள். அவள் பின்னால் மனைவி. மனைவிக்குப் பின்னால் கண்ணாடிக்காரர். அவருக்குப் பின்னால் டாக்டர்.

டீச்சர் சுவரில் இருந்த டிஸ்ப்ளேயைப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையைத் தூக்கி, அதில் பிடித்திருந்ததை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே போர்டு, அதே நீல வெளிச்சம், அதே மூன்று வரிகள். எட்டாவது பயிற்சி.

"இதுல தெரியறது யாரோட அளவு?" என்று கேட்டாள்.

"எங்கப்பாவோடது," என்றார் கண்ணாடிக்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை. "உயிரோட இருப்பாரா?"

டீச்சர் துண்டின் நுனியை மெதுவாக விலக்கினாள்.

"சார், இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நான் குஞ்சு பொரிக்க வெச்ச முட்டைப்பெட்டி இருக்கு, உங்கப்பா குளிர்ல வெறைக்கறதை அவர் ரூமை ஒட்டி இருக்கற என் டிஸ்ப்ளேல பாத்துப் பாத்து நான் பல்பை ஏத்திக்கிட்டே இருந்தேன், நீங்க காலையிலேருந்து ஈரத்துணி போட்டுக்கிட்டிருந்தவரு இதோ, இப்பத்தான் ஓட்டை உடைச்சுக்கிட்டு வெளிய வந்தாரு, இன்னும் பதினோரு பேர் பாக்கி."